வெயில் உண்டு, வழி வேண்டும்
(பங்கின் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. வயலில் பயிர் வாடுகிறது. இலவச மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறு விவசாயி, டீசல் வாங்க வீட்டு நகையை அடகு வைப்பதை நாம் காண்கிறோம்.

வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சூரிய ஒளியில் ஓடும் பம்பு செட்டுக்கு எரிபொருள் செலவும் இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே பெருந்தொகை வேண்டும். தடை அங்கேதான்.

2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த 'குசும்' திட்டம் ஒரு வழி வகுத்தது. தனிப் பம்பு செட்டின் விலையில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், விவசாயி 40 சதவீதம் என்று அது பங்கிட்டது. அந்த 40-இல் 30 வரை வங்கிக் கடனாகலாம் என்றிருந்தது. கையிலிருந்து 10 போதுமாயிருந்தது. என்றாலும், பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கு வங்கிக் கதவு எளிதில் திறப்பதில்லை. மாதத் தவணையும் அவருக்கு ஒத்துவராது. அறுவடைக்குத்தானே கையில் காசு?

வங்காளதேசத்தில் வேறு முறையும் உண்டு. 'இட்கால்' என்னும் அரசு நிதி நிறுவனம் மானியமும் கடனும் தர, ஒருவர் பெரிய பம்பை நிறுவுகிறார். சுற்றிலுமுள்ள சிறு விவசாயிகள் தண்ணீருக்கு மட்டும் கட்டணம் செலுத்துகிறார்கள். பம்புக் கடன் அவர்கள் தலையில் இல்லை.

நாமும் பத்துக் குடும்பங்களாகச் சேர்ந்து, அறுவடைக்கு அறுவடை தவணை கட்டுகிறோம் என்று கூட்டுறவு வங்கியைக் கேட்போம். ஒன்றை மறவோம்: செலவில்லாத பம்பு ஓயாமல் ஓடினால் கிணறு வற்றும். சொட்டுநீர்ப் பாசனமும் கூடவே வரட்டும்.