விண்மீன் கையொப்பம்

நேயர்களே, 1893ஆம் ஆண்டில் இலண்டனிலே விநோதமானதொரு வழக்கு எழுந்தது. வழக்குக்குக் காரணம் ஓர் ஓவியம். ஆடவன் ஒருவன் வயலின் வாசிக்கின்றான். அவனருகே பெண்ணொருத்தி மதுக்கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கின்றாள். ஒல்லாந்தின் பேரோவியர் ஃபிரான்ஸ் ஹல்ஸ் தீட்டியது என்று நம்பி அதனை வாங்கியோர், அது அவருடையதன்று என்று அறிந்ததும் வழக்காடினர். விலையைக் குறைத்தே பிணக்குத் தீர்க்கப்பட்டது.

அவ்வோவியத்தைத் தீட்டியவர் யார்? ஹல்ஸின் பொய்க் கையொப்பத்தின் கீழே இரண்டு எழுத்துகளும் ஒரு விண்மீனும் மறைந்திருந்தன. அவை யூடித் லெய்ஸ்டர் என்னும் பெண்மணியின் அடையாளம். அவர் தந்தையார் தம் மதுவடிசாலையின் பெயரையே குடும்பப் பெயராக ஏற்றவர். வழிகாட்டும் விண்மீன் என்பது அப்பெயரின் பொருள்.

1609இல் ஹார்லெம் நகரிலே பிறந்த யூடித், 1633இல் அந்நகர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். பெண்களுக்கு அரிதாகவே கிட்டிய தகுதி அது. தமக்கெனப் பட்டறை அமைத்து மாணவரையும் சேர்த்துக்கொண்டார். 1635இல் மாணவன் ஒருவன் இடைநடுவில் விலகி ஹல்ஸின் பட்டறைக்குச் சென்றபோது, யூடித் வாளாவிருக்கவில்லை. சங்கத்திடம் முறையிட்டுத் தமக்குரியதில் ஒரு பகுதியையேனும் பெற்றார்.

உயிரோடிருக்கையில் ஹல்ஸுக்கு எதிராகத் தம் உரிமையைக் காத்தவர், இறந்தபின் தம் படைப்புகளை அதே ஹல்ஸின் பெயருக்கு இழந்தார் என்பதே விதியின் விளையாட்டு!

1636இல் ஓவியர் யான் மோலனாரை மணந்தார். ஐந்து குழந்தைகளுக்குத் தாயானார். மணத்தின்பின் அவர் தீட்டியனவாக அறியப்படுவன மிகச் சிலவே. 1660இல் மறைந்தார். கணவரின் மறைவுக்குப்பின் எழுதப்பட்ட உடைமைப் பட்டியலிலே, அவருடைய ஓவியங்கள் 'மனைவி வரைந்தவை' என்றே குறிக்கப்பட்டன. பெயர் மறைந்தது, மனைவி என்னும் உறவு மட்டுமே எஞ்சியது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவரை உலகம் மறந்திருந்தது. ஒல்லாந்து அறிஞர் ஹொஃப்ஸ்டேட டி குரோட் அந்த விண்மீனை இனங்கண்டு, 1893இல் ஏழு ஓவியங்களை யூடித்துக்கு உரியனவாக அறிவித்தார். வழக்குக்குள்ளான ஓவியம் இன்று பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அவர் பெயரோடு விளங்குகின்றது.

நேயர்களே, ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். வழக்குக்கு முன்னும் பின்னும் அதே திரைச்சீலை, அதே வண்ணம், அதே சிரிப்பு. ஓவியத்திலே ஒரு கோடும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. எனினும் விலை சரிந்தது. அவ்வாறாயின் அன்று விலைபேசப்பட்டது கலையா, ஆடவர் ஒருவரின் புகழா?

வாஷிங்டன் நகரக் கலைக்கூடத்திலே யூடித் தம்மைத் தாமே தீட்டிய படமொன்று உண்டு. கையில் தூரிகைகளோடு, வேலையினின்றும் திரும்பி, காண்போரை நோக்கி அவர் முறுவலிக்கின்றார். அம்முறுவலில் அச்சமுமில்லை, வேண்டுதலுமில்லை. தம் தொழிலை நன்கறிந்த ஒருவரின் நிறைவே அதில் ஒளிர்கின்றது.