கை மரத்துப் போகுதா?

அம்பத்தூர் எஸ்டேட் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற நம்ம உறுப்பினர் ஒருத்தர், ராத்திரி கை மரத்து எழுந்து உதறுவாங்க. “ரத்த ஓட்டம் இல்ல மேடம்”னாங்க. ரத்தம் இல்லம்மா, நரம்பு. மணிக்கட்டில் குறுகலான வழியில் போகும் நரம்பு நசுங்குது. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரக்கும், சுண்டுவிரல் தப்பிச்சிடும். டாக்டர்கள் கார்பல் டனல் என்பார்கள். தைலத்தில் தீராது. ராத்திரி மணிக்கட்டை நேரா வைக்கிற பட்டை கட்டணும். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் வரும், பரிசோதிச்சுக்கோங்க. பெருவிரல் அடிச்சதை வற்ற ஆரம்பிச்சா தாமதிக்காதீங்க. சின்ன ஆபரேஷன்தான், ஆனா வற்றின சதை திரும்புறது கஷ்டம்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களே, அது எதுக்கு? தகுதி இருந்து டாக்டர் சான்றும் கொடுத்தா, லீவு நாளுக்கு 70 சதவீதக் கூலி உண்டு. இது தெரியாம, கூலி போயிடும்னு அவங்க ஒரு வருஷம் தள்ளினாங்க. இப்போ ஊசியில் நூல் கோர்க்க மக வரணும்.