விசுவாசம் கல்லறைத் தோட்டம் வரை வர வேண்டும்

(வ. புதுப்பட்டியில் நடந்த இளைஞர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிறித்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எப்படி வாழ்வது என்று பேசச் சொன்னீர்கள். இதை உங்கள் ஊரில் வந்து பேசக் கூச்சமாக இருக்கிறது. தமிழில் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எழுதியவர் இந்த ஊர்க்காரர். பாமாவின் ‘கருக்கு’, 1992.

கல்லூரியில் அதைத் தலித் தன்வரலாறு என்று நடத்துகிறார்கள். சரிதான். எனக்கு அது ஒரு விசுவாசியின் புத்தகமும்கூட. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கத்தான் ஆசிரியர் வேலையை விட்டுத் துறவு சபையில் சேர்ந்தார். உள்ளே பார்த்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் சொகுசு. தலித்துகளைப் பற்றிய இளக்காரப் பேச்சு. ஏழு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தார். இப்படி வருகிறவர்களை ‘அழைத்தலை இழந்தவர்’ என்பார்கள். அழைத்தலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பாமா வெளியே வந்தார் என்பேன் நான். சாந்தமான இயேசுவையே காட்டினார்கள், அநீதியைக் கண்டு கோபப்படும் இயேசுவைச் சொல்லவில்லை என்பது அவருடைய குறை. இயேசு வேண்டாம் என்று போனவருக்கு இந்தக் குறை எதற்கு?

அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் மறைந்தார். அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலின் நாயகன் கடைசியில் இந்துவாக மாறுகிறான். பக்தியால் அல்ல, வேலைக்காக. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டது என்று டெல்லி நம்புகிறது போலும்!

இதை எதிர்த்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐத் திருச்சபை கருப்பு நாளாக அனுசரிக்கிறது. நியாயமான போராட்டம், நானும் போயிருக்கிறேன். ஆனால் அரசிடம் கேட்கும் சமத்துவத்தை நம் பங்கில் கொடுத்தோமா? விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. அந்த அறிக்கையை உங்கள் பங்கில் யாராவது பூசையில் வாசித்தார்களா?

இனி என் கதை. நான் தலித் அல்லாத கிறித்தவக் குடும்பம். எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டு. சின்ன வயதில் கேட்டபோது, “அது அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்” என்றார் அப்பா. அதோடு விட்டுவிட்டேன். பத்து வருடம் பாடகர் குழுவில் பாடினேன், மறைக்கல்வி எடுத்தேன். கூடப் பாடிய தோழியின் பாட்டி இறந்தபோது கோயில் வாசலோடு திரும்பிவிட்டேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ‘கருக்கு’ சொல்லும் ஊர்ச் சண்டையும் கல்லறை நிலத்துக்காகத்தான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது அவளுடைய முகம் வந்தது. என் பக்தி அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன் நாங்கள் ஐந்து பேர் பங்குச்சாமியிடம் போனோம். நவம்பர் 2 அன்று முதலில் அந்தத் தோட்டத்தை மந்திரியுங்கள், எங்கள் தோட்டத்துக்குப் பிறகு வாருங்கள் என்று கேட்டோம். வரிசையை மாற்றச் சொன்னோம், அவ்வளவுதான். சுவர் அப்படியே இருக்கிறது. அதற்கே பங்குப் பேரவையில் இரண்டு கூட்டம். “படித்த திமிர்” என்றார்கள். சித்தப்பா இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் சாமி முதலில் அங்கேதான் வந்தார். எங்கள் தெருவிலிருந்து வந்தது ஏழு பேர். அம்மாவும் மெழுகுவத்தியோடு வந்தார். எந்தக் கல்லறையில் வைப்பது என்று தெரியாமல் நின்றார். தோழிதான் கையைப் பிடித்துத் தன் பாட்டியிடம் கூட்டிப்போனாள்.