குடிக்கூலியா, சொந்த மனையா?



புதிதாய் இல்லறம் தொடங்குவோர் வாடகை வீட்டில் இருப்பதா, கடன்பட்டேனும் சொந்த வீடு வாங்குவதா என்று வினவுகின்றனர்.

எங்கள் புளியங்கூடலில் முன்னாளில் இவ்வினா அரிது. பெண்ணுக்குச் சீதனமாய் மனையும் வளவும் வந்தன. 1990ஆம் ஆண்டுப் போரில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபின் நிலைமை மாறிற்று. ஒரே வளவின் பங்காளர் இன்று கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் சிதறியிருத்தல் கூடும்.

1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் சட்டமாய் ஏற்கப்பட்ட தேசவழமைப்படி, உடன்பங்காளர்க்குக் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வகுத்துரைக்கிறது. அவர்களுக்கு அறிவியாது முடித்த உறுதி, பின்னர் வழக்குக்கு இடந்தரும்.

அடுத்தது நீர். தீவகத்துச் சுண்ணக்கற் பாறையில் மாரிமழையால் ஊறும் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் நிற்கிறது. மார்கழியில் இனிக்கும் கிணறு, புரட்டாதியில் உவர்த்தலும் உண்டு.

ஆதலின் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். அன்றேல் ஒற்றிக்கு எடுங்கள். ஒற்றியில், கொடுத்த பணத்தின் வட்டிக்கு ஈடாக வீட்டில் வாழலாம். மீட்கும்போது முதல் திரும்பும். கோடை முழுவதும் அக்கிணற்று நீரைப் பருகிப் பாருங்கள். உறுதிகளை நொத்தாரிசைக் கொண்டு ஆராயுங்கள்.

வாடகைப் பணம் வீண் என்பார் உளர். வாழ்நாட் சேமிப்பைக் காக்குமாயின் அது வீணாகாது. எனினும், வாடகை வளவில் தென்னை நடுவார் இலர். நீரும் உறுதியும் நன்றெனக் கண்டபின் தயங்காது வாங்குங்கள். பிள்ளைகளுக்கு நிழல் வேண்டுமே.