இடைவெளி குற்றமன்று
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வேலை தேடிச் செல்லும் நம் மஹல்லாப் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும் வினா ஒன்றுண்டு: "இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்தீர்கள்?"

1990இல் குவைத் போரின்போது சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் தாயகம் திரும்பினர். கொரோனாக் காலத்தில், 2020 மே 7 முதல், வளைகுடாவில் தவித்தோர் சிறப்பு விமானங்களில் அழைத்து வரப்பட்டனர். பெற்றோரின் நோய், பிரசவம், கணவரின் மறைவு ஆகியவற்றால் பணியை விட்ட சகோதரிகளும் உண்டு. இவற்றில் எது குற்றம்?

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சிந்தியுங்கள். மன்னர் அழைத்தும் அவர்கள் உடனே சிறையிலிருந்து வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழி பொய்யென விசாரணையில் தெளிவான பின்னரே வந்தார்கள். பிறகு, சிறைவாசத்தைச் சொல்லிப் புலம்பாமல், களஞ்சியங்களைக் காக்கும் அறிவு தமக்குண்டு என எடுத்துரைத்துப் பொறுப்பைக் கேட்டார்கள். முதலில் உண்மை, அடுத்துத் தகுதி. இவ்வரிசையே நமக்கும் வழி.

விண்ணப்பத்தில் மாதத்தையும் ஆண்டையும் சரியாக எழுதுங்கள். இடைவெளிக்கான காரணத்தை இரண்டு வாக்கியங்களில் கூறுங்கள். நோயின் விவரமோ குடும்ப அந்தரங்கமோ தேவையில்லை. முந்தைய முதலாளியைக் குறை கூறாதீர்கள். அக்காலத்தில் பார்த்த கடைக் கணக்கு, கற்ற கணினிப் பயிற்சி, மதரஸாவில் நடத்திய பாடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். இப்போது தடையின்றிப் பணிக்கு வர இயலும் என உறுதி கூறி முடியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறவாதீர்கள்.

போலி அனுபவச் சான்றிதழ் வேண்டவே வேண்டாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பணியில் சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் காட்டிவிடும். அகப்பட்டால் வேலை போகும். அகப்படாவிட்டாலும் அவ்வூதியத்தில் பரக்கத் ஏது?

நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலில் உண்மையாகச் சேவை செய்தோருக்கு, காலத்தையும் பணியையும் குறிப்பிட்டுத் தயங்காமல் கடிதம் கொடுங்கள். செய்யாத பணிக்கு நம் முத்திரை பதியுமானால் அது பொய்ச்சாட்சியம். பிறகு உண்மையான கடிதத்தையும் எவரும் நம்பமாட்டார்.

விளக்குத்தூணிலும் கீழமாசி வீதியிலும், மேலூரிலும் திருமங்கலத்திலும் வணிகம் செய்யும் பெருமக்களே! வேலை கேட்டு வருபவரிடம் இடைவெளியைக் கண்டதும் விண்ணப்பத்தை ஒதுக்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், ஒரு மாதம் பணி கொடுத்துப் பாருங்கள். உண்மை பேசினால் வேலை கிடைக்கும் என்ற நிலை நம்மிடையே இருந்தால்தான், உண்மை பேசுங்கள் என்று பிள்ளைகளுக்கு நாம் உபதேசிக்க முடியும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.