தொழில் கற்றுத் தருகிறோம் என்பவர்களிடம் கேட்க வேண்டியவை

(ஆம்பூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புதிய நாட்டுக்கு வந்த ஏதிலி இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி என்று தலைப்புக் கொடுத்திருக்கீங்க. முதலில் அந்தப் 'புதிய நாடு' என்ற சொல்லைப் பார்ப்போம். வேலூர் பக்கத்துல மேல்மொணவூரில் முகாம் இருக்கு. நம்ம ஆம்பூரை ஒட்டி மின்னூரில் இருக்கு. அங்கே இருக்கிற இருபது வயசுப் பையன் பிறந்தது இந்த மண்ணில். படிச்சது இங்கத்திப் பள்ளிக்கூடத்தில். இலங்கையை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவன் வெளிநாட்டான். ஏன்? 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவனுக்குத் தாயோ தகப்பனோ குடிமகனாக இருக்கணும். 2004க்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிப் போச்சு. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை.

இது எந்த ஊர்க் கதையோ, நமக்கென்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பெரிய பகுதி மலையகத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டு போகப்பட்டவர்களின் வாரிசுகள். 1948இல் இலங்கை அரசு அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு போட்டார்கள். மாட்டுச் சந்தையில் கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களிலும் இந்த மக்கள் இருந்தார்கள். போனதும் நம்ம ஆள், திரும்பி வந்ததும் நம்ம ஆள்.

இப்போ பயிற்சிக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 108 முகாம்களில் 58,822 பேர் இருப்பதாக அப்போது கணக்குச் சொன்னார்கள். 7,469 வீடுகளைக் கட்டித் தருவோம் என்றார்கள். திறன் பயிற்சியும் அதில் இருந்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அந்த நவம்பரில் மேல்மொணவூரில்தான் விழா நடந்தது. நல்லது. ஒழுகிற கூரையை விட ஒழுகாத கூரை நல்லதுதான். ஆனால் பட்டம் வாங்கிய முகாம் இளைஞன் கயிற்றில் தொங்கிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறான். தமிழ்நாடு முழுக்க முகாம் ஆண்களுக்குப் பெயின்ட் வேலைதான் பெரும்பாலும் கதி. படிப்புக் குறைவா காரணம்? இல்லை. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். வெளிநாடு போகப் பாஸ்போர்ட் வேண்டும். வெளியூரில் தங்கி வேலை பார்த்தால் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் வந்து நிற்க வேண்டும். இதை எதையும் தொடாமல் மூணு மாசப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? பெயின்ட் அடிக்கிறவன் கையில் ஒரு சான்றிதழும் இருக்கும், அவ்வளவுதான்.

1991க்குப் பிறகு நடந்ததையும் மறக்கக் கூடாது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு உயர்கல்வியில் இந்தப் பிள்ளைகளுக்கு இருந்த இடங்கள் பறிக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது. 1996க்குப் பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் கல்வியை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் முகாமிலிருந்து பட்டதாரிகள் வந்தார்கள். யாரோ செய்த குற்றத்துக்கு ஒரு தலைமுறையின் புத்தகப் பையைப் பறிப்பது என்பது சேரிக்காரனுக்குப் புரியாத விஷயமா?

வெளியே எப்படி? ஜெர்மனியில் 2016இல் ஒரு விதி கொண்டு வந்தார்கள். தஞ்சக் கோரிக்கை தள்ளுபடியானாலும், ஒரு இளைஞன் தொழிற்பயிற்சியில் சேர்ந்துவிட்டால் அந்த மூன்று வருஷமும் அவனை நாடு கடத்த மாட்டார்கள். முடித்து அந்த வேலையிலேயே சேர்ந்தால் இன்னும் இரண்டு வருஷம் தங்கலாம். அந்த நாடு தருமம் செய்கிறது என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு ஆள் வேண்டும். ஆனால் பயிற்சியையும் தங்கும் உரிமையையும் ஒரே முடிச்சில் போட்டார்கள் பாருங்க, அதுதான் பாடம். இங்கே 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒரு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் இல்லாமல் இருப்பதற்காகத் தண்டனை கிடையாது என்றது. ஜெயில் பயம் போச்சு. குடியுரிமை வரலை.

அடுத்து நம்ம ஊர் விஷயம். இங்கே பயிற்சி என்றதும் ஷூ கம்பெனியைத்தான் காட்டுவார்கள். கம்பெனிக்காரன் வேனில் நம் சேரிப் பெண்கள் காலையில் போகிறார்கள், இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றது நம் தாத்தன், அப்பன். தீட்டு என்று ஒதுக்கின தோலை நாம் தொட்டதால்தான் அது டாலர் ஆச்சு. பாலாறு நாசமான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே ஈடு கட்டணும் என்றது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெளியூர் ஆள், கேட்க நாதியில்லாத ஆள் எங்கே படுக்க வைக்கப்படுகிறான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

முகாம் பிள்ளைகளையும் அந்த வரிசையில் சேர்க்கப் பார்ப்பார்கள். 'நீ கூலி கூடக் கேட்டா கேம்ப் பையன் வருவான்' என்று நம்மிடம் சொல்வார்கள். 'உனக்குக் காகிதமே இல்ல, கொடுத்ததை வாங்கு' என்று அவனிடம் சொல்வார்கள். ரெண்டு பேரையும் மோத விடுவது ஒரே கைதான்.

அதனால் பயிற்சி வேண்டாம் என்கிறோமா? இல்லை. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றபோது தந்தை பெரியாரும் இயக்கங்களும் எதிர்த்தது கைத்தொழிலை அல்ல. பிறப்பைப் பார்த்துத் தொழிலைத் தீர்மானிப்பதை. அடுத்த வருஷமே அது குப்பைக்குப் போனது. முகாமில் பிறந்தவனுக்குப் பெயின்ட் டப்பா, சேரியில் பிறந்தவளுக்குத் தையல் மிஷின் என்று எழுதி வைத்தால் அது அதே குலக்கல்விதான், வேற பேர்ல.

ஆகவே பயிற்சி என்று யார் வந்தாலும் இதைக் கேளுங்கள். தொழிலைத் தேர்ந்தெடுத்தது யார், அந்தப் பையனா, நீங்களா? சான்றிதழ் யாருடைய முத்திரையில் வரும், அரசு அங்கீகரித்ததா, வெறும் போட்டோ எடுக்கவா? பயிற்சிக் காலத்தில் கூலி உண்டா? எத்தனை மாசம் கழித்து 'டிரெயினி' என்ற பெயர் போகும்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? விஷவாயு, குரோமியம் பற்றிச் சொல்லித் தருவீர்களா, கையுறையாவது தருவீர்களா? வெளியூரில் வேலை கிடைத்தால் கணக்கெடுப்பு நாளில் விலக்கு வாங்கித் தருவீர்களா? படிக்க நினைக்கிறவனைப் படிக்க விடுவீர்களா?

மாணவர்களுக்கு ஒரு வேலை. மின்னூர் இங்கிருந்து தூரமில்லை. அரிசி மூட்டையோடு போகாதீங்க. விண்ணப்பப் படிவத்தோடு போங்க. அவனுடைய பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, முகாம் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வைக்க உதவுங்க. சங்கத்தில் அவனையும் சேருங்க. குடியுரிமைக் கோரிக்கையை நம் மேடையில் நம் கோரிக்கையாக வையுங்க. ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவனுக்கும் நாட்டுக்கு வெளியே வைக்கப்பட்டவனுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேலிதான். அதைப் பிடுங்க வேண்டியது இரண்டு பக்கத்துக் கைகளும்.