வேண்டாமென்ற ஆசனங்கள்



கத்தோலிக்க விசுவாசமும் அரசியல் கடமையும் என்ற பொருளில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். திருச்சபையின் போதனைகளை வரிசையாய் எடுத்துரைப்பதைக் காட்டிலும், அந்த விசுவாசத்தை நெஞ்சில் தாங்கியபடியே அரசியல் மன்றத்துக்குள் நுழைந்த ஒருவரை நினைவுகூர்வதே மேலென்று கருதி, சேசு சபைத் துறவியும், சென்னை லயோலாக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்தவருமான ஜெரோம் டிசூசா அடிகளாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மங்களூரில் பிறந்த அப்பெருமகனார், சென்னை மாகாணத்தின் பிரதிநிதியாக அரசியல் நிர்ணய சபையில் வீற்றிருந்தார்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதிகளை வழங்கியிருந்தது. கிறிஸ்தவர் வாக்கில் கிறிஸ்தவரே தேர்ந்தெடுக்கப்படுவர். 1947 ஆகஸ்டில் அந்த முறை நீங்கி, எல்லோரும் வாக்களிக்கும் பொதுத்தொகுதியிலேயே சில ஆசனங்களை ஒதுக்கிவைப்பதென்று முடிவாயிற்று. பின்னர் 1949 மே மாதம், சமயச் சிறுபான்மையோருக்கு அவ்வொதுக்கீடும் வேண்டாமென்ற பிரேரணையைச் சர்தார் பட்டேல் கொணர்ந்தபோது, சட்டம் உறுதிசெய்யும் ஆசனத்தைத் தம் சமூகத்துக்காகப் பற்றிக்கொள்ள நியாயம் பல இருந்தும், அடிகளார் அப்பிரேரணையையே ஆதரித்தார். தன் மதத்தாரின் வாக்கை மட்டும் நம்பி நிற்பவன் நாளடைவில் தன் மதத்தாரின் குறைகளை மட்டுமே காணப் பழகிவிடுவான் என்பதையும், அயலானின் வாக்கைக் கேட்டுப் பெறுபவன் அயலானின் பசியையும் அறிந்தே தீர வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்கையில், அத்தியாகத்தை வெறும் சாதுரியமென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பிறரன்பு என்னும் கட்டளையை அரசியலில் அனுஷ்டித்த செயலாகவே அதைக் காண்கிறேன்.

எனினும் மனச்சாட்சியின் சுதந்திரத்தைக் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் விட்டுக்கொடுக்கவில்லை. மதத்தைப் பரப்பும் உரிமை, கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றிச் சகல மதத்தினர்க்கும் உரியதாய் அரசியல் சட்டத்தின் 25ஆவது ஷரத்தில் நிலைபெற்றது. 1948 டிசம்பர் விவாதத்தில் அதற்காக வாதாடியவர்களுள் ஒருவர், கிறிஸ்தவரல்லாத டி. டி. கிருஷ்ணமாச்சாரி என்பதை நன்றியோடு சொல்லுகிறேன்.

ஆசனத்தைத் துறக்கும் பெருமனம், மேலே ஏறி நிற்பவனுக்கு எளிது. கீழே அழுந்திக் கிடப்பவனுக்கு? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, ஷெட்யூல்டு வகுப்பாருக்குரிய சலுகைகளைப் பெரும்பாலும் இந்துக்களோடு நிறுத்திற்று; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; தலித் கிறிஸ்தவரோ இன்றளவும் வெளியே நிற்கின்றனர். அவர்களுக்காக டில்லிக்கு மனுச் செய்வது நம் கடமையே. ஆயினும் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் பேதமில்லையென்று ஜெபிக்கும் நாம், நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதி பார்த்துப் பிரிக்கும் சுவரை எழுப்பி, அதைக் காத்தும் வந்திருக்கிறோமே, அந்த மனுவில் எந்த முகத்தோடு கையெழுத்திடுவது?

இங்கே குழுமியிருக்கும் கத்தோலிக்க அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அத்தகைய சுவர் நிற்கும் பங்கைச் சேர்ந்தவர் உங்களுள் எவரேனும் இருப்பின், வேட்பாளரிடம் கோரிக்கைப் பட்டியலை நீட்டுவதற்கு முன்னே, அடுத்துக் கூடும் பங்குப் பேரவையில் எழுந்து, அச்சுவரை இடிக்க வேண்டுமென்று உங்கள் பெயரால் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். உறவினர் முகம் சுளிப்பார்கள், கொண்டுவாருங்கள்.